போர்காட் கணவாயில் கற்ற பாடம்

மும்பையிலும் அதன் சுற்றுப்புற ஊர்களிலும் குடியேறி வாழும் நம்மவருள் போர்காட் கணவாயைக் கடவாதவர் மிகச் சிலரே. கோடை விடுமுறை பிறந்ததும் மூட்டை முடிச்சுகளுடனும் குழந்தை குட்டிகளுடனும் சென்னை வண்டியில் ஏறி அமர்கின்றோம். கல்யாணைக் கடந்து கர்ஜத் நிலையத்தை வண்டி அடைந்ததும், சூடான வடைக்காக ஒரு கூட்டம் இறங்கி ஓடும். அதே வேளையில் வண்டியின் பின்புறத்தில் மேலும் எஞ்சின்களைப் பூட்டுவார்கள். முன்னிருந்து இழுத்தால் மட்டும் போதாது. பின்னிருந்தும் தள்ளினால்தான் வண்டி மலையேறும். அதன்பின் குகைகளும் பாலங்களும், மழைக்காலமாயின் பாறைதோறும் வழியும் அருவிகளும் மாறி மாறித் தோன்றும். குகைக்குக் குகை குழந்தைகள் கூச்சலிடுவார்கள். லோனாவலா வந்து சேரும்போது உடலில் குளிர் தட்டும். தாயகப் பயணத்தின் முதல் இன்பம் இதுவே எனலாம்.

இக்கணவாயில் இருப்புப் பாதை அமைக்கும் பணி 1856இல் தொடங்கி 1863இல் நிறைவெய்தியது. சுமார் 25 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஏறத்தாழ 550 மீட்டர் உயரம் ஏறவேண்டும். மிகச் சரிவான இடங்களில் 37 அடி சென்றால் ஓரடி ஏற்றம். பாறையைப் பிளந்து இப்பாதையைச் சமைத்த தொழிலாளருள் பல்லாயிரவர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர். ஒப்பந்தக்காரராக 1859இல் வந்த சாலமன் டிரெட்வெல் என்பவரும் வந்த சில நாட்களிலேயே நோயுற்று இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் மனந்தளராது, தக்க ஆட்களை அமர்த்தி அப்பணியை முடிப்பித்தார். இத்தனை பேருடைய உழைப்பின்மேல்தான் நாம் வடை தின்றுகொண்டே ஏறுகின்றோம்.

ஏறுவதைவிட இறங்குவதே அரிது. இதனை ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நாம் நன்கறிவோம். மும்பையை நோக்கி இறங்கும் வண்டி, மங்கி ஹில், டாகுர்வாடி முதலிய இடங்களில் நின்று நின்று வரும். அங்கே ஊருமில்லை, ஏறுவோர் இறங்குவோருமில்லை. 'காட்டில் எதற்காக நிறுத்துகிறான்?' என்று பிரயாணிகள் முணுமுணுப்பார்கள். காரணம் இதுதான். அவ்விடங்களில் முக்கியப் பாதையிலிருந்து பிரிந்து மேட்டை நோக்கி ஏறும் ஒரு கிளைப்பாதை உண்டு. அதனைக் 'கேட்ச் சைடிங்' என்பர். தண்டவாள மாற்றுக் கருவி எப்போதும் அக்கிளைப் பாதைக்கே திருப்பி வைக்கப்பட்டிருக்கும். இறங்கி வரும் வண்டி அங்கே நின்று, தன் வேகம் ஓட்டுநரின் கட்டுக்குள் இருக்கிறதென்று மெய்ப்பித்தால்தான் முக்கியப் பாதை திறக்கும். பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் வண்டியோ கிளைப் பாதையில் மேடேறித் தானே வேகம் தணிந்து நிற்கும்.

வண்டியை ஓட்டுபவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேறி, உதவியாளராகப் பல்லாண்டு உடன் சென்று, கண்பார்வையும் உடல்நலமும் சோதிக்கப்பட்டு, அதன் பின்னரே ஒருவர் ரயில் ஓட்டுநராகின்றார். ஆன பின்பும் புதிய தடம் ஒன்றில் தனித்து ஓட்ட இயலாது. பகலிலும் இரவிலும் உடன் சென்று, எங்கே வளைவு, எங்கே சரிவு, எங்கே கைகாட்டி என்பதை நேரிற் கண்டு, 'இத்தடத்தை நான் அறிவேன்' என்று கையொப்பமிட வேண்டும். சில ஆண்டுகளுக்கொருமுறை மீண்டும் பள்ளிக்குச் செல்லவேண்டும். பணியேற்கும்போது மது அருந்தவில்லை என்பதை ஊதிக் காட்டவேண்டும். இவையெல்லாம் அன்றாடம் நம் கண்முன் நடப்பவை. ஆயினும் இவற்றிலிருந்து நாம் ஏதும் கற்றோமில்லை என்பதைச் சென்ற தை மாதத்தில்தான் உணர்ந்தோம்.

புனேயைச் சேர்ந்த கட்கியில் நம்மவர் இல்லத்துத் திருமணம் ஒன்று. நண்பரொருவர் புதிதாக ஒரு பழைய டீசல் வண்டி வாங்கியிருந்தார். ஏழு பேர் அமரலாம். நண்பருக்கு ஓட்டத் தெரியாது. பத்தொன்பது வயது நிரம்பிய அவருடைய மைந்தனே ஓட்டுநர். நண்பரும் அவர் மனைவியும், நாமும் நம் இல்லாளும் ஐந்து வயதுப் புதல்வியுமாகப் புறப்பட்டோம். 'ரயிலில் தினமும் கிடக்கிறீர்கள். ஒருநாள் சாலை வழியாகக் கணவாயைப் பாருங்கள்' என்றார் நண்பர்.

பார்க்கத்தக்க சாலைதான். மலையேறும் பழைய சாலை 1830இல் அமைந்தது. அக்காலத்துப் பாலம் ஒன்று லோனாவலா அருகே அண்மைக்காலம் வரை நின்றது. மக்கள் அதனை 'அமிர்தாஞ்சன் பாலம்' என்றே அழைத்தனர். நம் தலைவலித் தைலத்தின் விளம்பரம் அதன்மேல் நெடுங்காலம் இருந்ததே காரணம். அந்தத் தைலமும் நம்மைப்போல் இடம் பெயர்ந்ததுதான். 1893இல் மும்பையில் காசிநாதுனி நாகேசுவர ராவ் தொடங்கிய அத்தொழில் பின்னர் சென்னையில் வேரூன்றியது. பாலத்தின் தூண்கள் புதிய விரைவுச் சாலையில் நெரிசலுக்கும் விபத்துக்கும் இடமாயின. ஆகவே 2020 ஏப்ரலில், ஊரடங்கினால் சாலை வெறிச்சோடியிருந்த நாட்களில், அதனைத் தகர்த்தனர். 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்த விரைவுச் சாலை சுமார் 94 கிலோமீட்டர் நீளமுடையது. ஆறு தடங்கள் கொண்ட இதில் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு இடமில்லை.

போகும்போது கோப்போலியிலிருந்து பழைய சாலை வழியே ஏறினோம். வழியில் ஷிங்ரோபா கோயில் உள்ளது. ஷிங்ரோபா ஆடு மேய்க்கும் தங்கர் குலத்தவர். மலையில் வழி காணாது திகைத்த வெள்ளையருக்கு வழி காட்டியவர். அதன்பின் அவர்களாலேயே கொல்லப்பட்டார் என்று மக்கள் சொல்வர். அவ்வழிச் செல்லும் ஓட்டுநர்கள் அவருக்குக் காசு எறியாமல் போவதில்லை. நண்பரின் மைந்தனும் பத்து ரூபாய் நாணயத்தை எறிந்து கும்பிட்டான். வழிகாட்டிக்கு வணக்கம் செலுத்தும் அவ்வழக்கம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் மாலை திரும்பினோம். கண்டாலாவைக் கடந்து சரிவு தொடங்கியதும் எஞ்சினின் இரைச்சல் குறைந்து வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுவதை உணர்ந்தோம். 'கியரை எடுத்துவிட்டேன், மாமா. இறக்கந்தானே? டீசல் மிச்சம்' என்றான் பையன். நமக்கும் அது கெட்டிக்காரத்தனமாகவே தோன்றியது. பிரேக்கை மிதித்து மிதித்து வந்தான். நான்கு கிலோமீட்டர் சென்றிருப்போம். ரப்பர் தீய்வது போன்ற நாற்றம் எழுந்தது. நம் இல்லாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, 'ஏதோ கருகுதுங்க' என்றாள். பையன் பதிலுரைக்கவில்லை. அவன் கால் பிரேக்கைத் தரைவரை அழுத்தியிருந்தது, வண்டி நிற்கவில்லை. முன்னே ஒரு பெரிய கண்டெய்னர் லாரி ஆமைபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. பின் இருக்கையில் நம் மகள் பாடிக்கொண்டிருந்தாள்.

அந்த அரை நிமிடத்தை நாம் விரித்துரைக்க விரும்பவில்லை. பையன் எப்படியோ ஒரு கியரைப் பூட்டினான், எஞ்சின் அலறியது, வேகம் சற்றே தணிந்தது. அவ்விடத்தில் சாலையும் சிறிது சமமானது. லாரியை மயிரிழையில் விலகி, ஓரத்தில் அகன்றிருந்த இடத்தில் கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து நிறுத்தினான். முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. பெண்கள் அழுதார்கள். நண்பர் ஒன்றும் பேசவில்லை.

அங்கே ஏற்கெனவே ஒரு லாரி நின்றிருந்தது. நாமக்கல் பக்கத்து வண்டி. அதன் ஓட்டுநர், ஐம்பதைக் கடந்தவர், தண்ணீர்க் குடத்துடன் இறங்கி வந்தார். நண்பர் குடத்தை வாங்கிச் சக்கரத்தில் ஊற்றப் போனார். 'ஊத்தாதீங்க, வெடிச்சுப் போகும். தானா ஆறட்டும். தண்ணி கொழந்தைக்கு' என்று தடுத்தார் அவர். பிறகு பையனைப் பார்த்து, 'நியூட்ரல்ல உட்டுட்டு வந்தியா, தம்பி?' என்றார். அவன் தலையசைத்தான். 'ஏறுன கியர்லதான் எறங்கோணும். பிரேக்கு வண்டிய நிறுத்தறதுக்குத்தான்; மலை முழுக்கப் புடிச்சுக்கிட்டே வாறதுக்கு இல்ல. இத உனக்கு யாரும் சொல்லித் தரலியா?'

பையன் தந்தையைப் பார்த்தான். தந்தை நம்மைப் பார்த்தார். நாம் தரையைப் பார்த்தோம்.

ஏன் என்பதை மறைப்பது அழகன்று. சில மாதங்களுக்கு முன் நண்பர் நம்மிடம் வந்து, 'பையனுக்கு லைசென்ஸ் வேண்டும்; அலையாமல் கிடைக்க வழியுண்டா?' என்று கேட்டார். நாம் பெருமையுடன் ஓர் ஏஜெண்டின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தோம். அவர் வழியாகவே நாமும் முன்னர் லைசென்ஸ் பெற்றிருந்தோம். வண்டியை இருபது கஜம் முன்னே செலுத்தி, சற்றுப் பின்னே செலுத்தினோம். அவ்வளவே நம் தேர்வு. கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு என்ற எண்ணமே நமக்கு அப்போது எழவில்லை. கற்காத ஒருவரிடம் ரயிலை ஒப்படைக்கக் கண்டால் நாம் கொதித்தெழுவோம். ஆனால் நம் சொந்த மகளை ஏற்றிய வண்டியை, நாமே வழிசெய்து, கற்காத பிள்ளையின் கையில் ஒப்படைத்தோம்.

சக்கரம் ஆறும்வரை அந்த ஓட்டுநர் நம்முடன் அமர்ந்திருந்தார். அவர் ஆறு ஆண்டுகள் கிளீனராக இருந்தவராம். அவருடைய குரு, சமவெளியில் வண்டியைக் கொடுத்தாலும் மலையில் கொடுக்கமாட்டாராம். பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் கியரை வாயால் சொல்லச் செய்வாராம். நூறு வளைவும் பிழையின்றிச் சொன்ன பின்னரே ஒருநாள் எழுந்து இடங்கொடுத்தாராம். 'இப்ப கிளீனர் வேலைக்கு யாருங்க வர்றாங்க? ஒத்தை ஆளாத்தான் ஓட்டறோம். கத்துக் குடுக்கவும் ஆளில்ல, கத்துக்கவும் ஆளில்ல' என்றார். ரயிலில் தடமறிந்து கையொப்பமிடும் முறைதான் இது. எழுத்தில் இல்லாமல் குருகுலமாக நடந்திருக்கிறது.

அவர் சொன்னதன் உட்பொருளைப் பிறகு கேட்டும் படித்தும் அறிந்தோம். சரிவில் இறங்கும் வண்டியின் விசையை எங்கேனும் செலவழித்தாக வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்கும். கியரை எடுத்துவிட்டால் முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும், பிரேக் கொதிக்கும், அதனுள் இருக்கும் எண்ணெய் ஆவியாகும், மிதித்தால் பஞ்சுபோல் அமிழும். எஞ்சினையே நிறுத்திவிட்டால் இன்னும் கேடு. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் துணைநிற்கும் ஆற்றல் எஞ்சினிலிருந்தே வருகிறது. காற்றால் இயங்கும் லாரி பிரேக்குக்குக் காற்றை நிரப்புவதும் எஞ்சினே. டீசல் மிச்சம் என்பதும் வீண் எண்ணம். இக்காலத்து வண்டிகள் கியரில் இருந்து, காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தால், இறக்கத்தில் எரிபொருள் செல்வதைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. கியரை எடுத்துவிட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் எரிகிறது. மிச்சம் பிடிக்க எண்ணிச் செலவு செய்து, உயிரையும் பணயம் வைத்தோம்.

ஊர் திரும்பியதும் நண்பர் வண்டிச் சாவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பையனை ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்றோம். 'லைசென்ஸ்தான் இருக்கிறதே, மாமா?' என்றான். 'எங்களிடமும்தான் இருக்கிறது. நாங்களும் வருகிறோம்' என்றோம். முப்பதைக் கடந்த நாமும் அவனருகில் மாணவராய் அமர்ந்தோம்.

முதல்நாள் சாவியையே கொடுக்கவில்லை. வண்டியைச் சுற்றிவந்து டயர், விளக்கு, கண்ணாடி, எண்ணெய் ஆகியவற்றைப் பார்க்கச் செய்தார் ஆசிரியர். மறுநாள் ஒரு வாளியை வண்டியின் பின்னால் வைத்து, எங்களை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, 'கண்ணாடியில் தெரிகிறதா?' என்றார். மூன்று கண்ணாடிகளிலும் தெரியவில்லை. வாளிக்குமேல் ஒரு பெட்டியை வைத்தார், அப்போதும் தெரியவில்லை. 'ஐந்து வயதுக் குழந்தை இவ்வளவுதான் உயரம்' என்றார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

வேகத்தைப் பற்றி அவர் கற்பித்த கணக்கு எளியது. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். 100 கிலோமீட்டரில் செல்வது சுமார் 28 மீட்டர், அதாவது ஒரு ரயில் பெட்டியின் நீளத்துக்கும் மேல். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குச் செல்லவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். ஆகவே முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்தபின் மூன்று நொடியேனும் கழித்தே நாம் அக்கம்பத்தைக் கடக்கவேண்டும். மழையில் இன்னும் கூடுதலாக.

சட்டமும் கற்றல் வேண்டும் என்றே கருதுகிறது. பழகுநர் லைசென்ஸ் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே தேர்வுக்குச் செல்லலாம். அந்த நாட்கள் பழகுவதற்கென்றே தரப்பட்டவை. 2021இல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கென விதிகள் வந்தன. அவற்றின்படி சிறு வண்டிக்கு 29 மணி நேரமும், கனரக வண்டிகளுக்கு 38 மணி நேரமும் பாடமும் பழக்கமும் உண்டு. புனேயை அடுத்த போசரியில் 1967இல் நிறுவப்பட்ட மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பணிகளுள் ஓட்டுநர் பயிற்சியும் ஒன்று. வயது நிரம்பாத பிள்ளைக்கு வண்டியைக் கொடுத்து அவன் குற்றமிழைத்தால், பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. இத்தனை இருந்தும், 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். கணக்கிட்டால் நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். அவ்வளவு பேர் ஒரு ரயில் விபத்தில் இறந்தால் நாடே துக்கம் காக்கும். சாலையில் நாள்தோறும் இறப்பதால் நாம் பழகிவிட்டோம்.

பயிற்சி ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லமாட்டோம். புனே விரைவுச் சாலையில் 2016இல் 151 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு முதல் சேவ்லைஃப் பவுண்டேஷன் என்னும் அறநிறுவனமும் அரசும் சேர்ந்து முயன்று, சில ஆண்டுகளில் அத்தொகையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தன. தடுப்புவேலி, ஓரத்தில் நிற்கும் வண்டிகளை அகற்றல், காவல், விரைந்த மருத்துவ உதவி எனப் பலவும் அதற்குத் துணையாயின. எனினும் அவை பிறர் செய்யவேண்டியவை. கற்றுக்கொள்வது ஒன்றே நம் இல்லத்தில், நம் கையில் இருப்பது.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அயலூரில் பிழைக்க வந்த நாம், பிள்ளைகளின் படிப்புக்காக வயிற்றைக் கட்டிச் சேமிக்கின்றோம். டியூஷனுக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதியை வண்டியோட்டக் கற்பதற்கும் ஒதுக்குவோம். மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும் கற்பிப்போம். லைசென்ஸைக் குறுக்கு வழியில் வாங்கித் தருவது உதவியன்று. நாம் செய்த அந்த 'உதவி' எத்தகையது என்பதைக் கணவாயில் கண்டோம். வாடகை வண்டியில் ஊருக்குச் செல்லும்போதும், ஓட்டுநர் உறங்கினாரா, உண்டாரா என்று கேட்போம். மலையில் கியரை எடுத்தால், தயங்காமல் 'வேண்டாம்' என்போம்.

ஐந்து வாரத்தில் பையன் தேறினான். ஆசிரியர் அவனைக் கணவாய்க்கு அழைத்துச்சென்று, அந்த லாரி ஓட்டுநரின் குருவைப்போலவே, ஒவ்வொரு வளைவுக்கும் கியரை வாய்விட்டுச் சொல்லச் செய்தாராம். திரும்பியதும் நண்பர் பெட்டியைத் திறந்து சாவியைக் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு, முதலில் வண்டியின் பின்புறம் சென்று குனிந்து பார்த்தான். நம் மகள் அங்கே நின்று பந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

சென்ற வாரம் அலுவல் காரணமாகப் புனே சென்று இரவு வண்டியில் திரும்பினோம். மங்கி ஹில்லில் வண்டி நின்றது. எதிரில் இருந்த பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டார். கிளைப்பாதை இருளில் மேடேறிச் சென்றது. சிறிது நேரத்தில் தண்டவாளம் திரும்பிய ஓசை கேட்டது. வண்டி மெல்ல இறங்கத் தொடங்கியது. ஷிங்ரோபா கோயில் இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்பிவிட்டு நாமும் கண்ணயர்ந்தோம்.